காலுக்குக் கொடுத்த இடம்

நான் சரியான பயந்தாங்கொள்ளி. எங்கள் சபையில் பெண்கள் சங்கத்துக்குப் பல வருடங்களாக நான்தான் தலைவி என்பதால் வெளியே யாரும் இதை நம்புவதில்லை. சாவு வீட்டில் பாட்டு எடுத்துக்கொடுப்பது நான்தான். ஆனால் வாசல் பந்தலைத் தாண்டி உள்ளே போய்ப் பெட்டியை எட்டிப் பார்த்தது கிடையாது. வருகிறவர்களைக் கவனிப்பதற்காகத் தலைவி வெளியே நிற்கிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படியே விட்டுவிடுவேன். ஆஸ்பத்திரி வாடை பட்டால் போதும், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். அவர் போனபிறகு மகன் நடத்துகிறான். சபையில் முதல் பெஞ்சு எங்கள் குடும்பத்துடையது. அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் நாங்கள் வராத ஞாயிற்றுக்கிழமையிலும் அதில் யாரும் உட்கார மாட்டார்கள். பெண்கள் கூட்டம் எதுவானாலும் முடிவு ஜெபம் என்னுடையது. ஒரு தடவை ஆயரின் மனைவி மறந்துபோய் அவரே முடித்துவிட்டார். நான் ஒரு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அதே சபையில் கடைசியில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் பாயில் உட்காருகிற பெண் ஒருத்தி இருந்தாள். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை. புருஷன் ரிக் வண்டியில் ஆழ்குழாய்க் கிணறு போட வடக்கே போனவன், அங்கேயே ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு இருந்துவிட்டான். பிள்ளை குட்டி கிடையாது. பண்ணையில் காலில் ஆணி குத்தியதை மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். உடம்பில் சர்க்கரை இருந்தது அவளுக்கே தெரியாது. கால் கறுத்துப்போன பிறகு சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

நோயாளியைப் பார்க்கப் போவதில் எங்கள் சங்கத்துக்கென்று ஒரு முறை உண்டு. வேன் பேசிக்கொண்டு கும்பலாகப் போவோம். சாத்துக்குடி, ரொட்டி, சத்து மாவு பாட்டில் ஒன்று. கட்டிலைச் சுற்றி நின்று ஒரு பாட்டு, ஆளுக்கொரு சின்ன ஜெபம், கடைசியில் தலைவியின் முடிவு ஜெபம், ஒரு போட்டோ. வழியில் எங்காவது டிபன் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புவோம். நோயாளிக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

அவளைப் பார்க்கவும் அப்படித்தான் போனோம். காலைத் துணியால் மூடியிருந்தார்கள். துணியைத் தாண்டி வாடை வந்தது. பாட்டு முடிந்ததும் முதல் வேலையாகக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டால் எதையும் பார்க்க வேண்டியதில்லை. நீளமாக ஜெபிக்கிறவள் என்ற பெயர் எனக்கு வந்ததே இந்த வழக்கத்தால்தான். டாக்டர்களுக்காக, நர்சுகளுக்காக, வார்டில் இருந்த எல்லாக் கட்டில்களுக்காகவும் ஜெபித்தேன். நடுவில் நர்ஸ் வந்து ஏதோ கேட்டது காதில் விழுந்தது. புடவைகள் சரசரத்ததும் கேட்டது. அதற்காகத் தலைவி ஜெபத்தை நிறுத்துவாளா? “ஆண்டவரே, இந்த மகளைத் தனியே விட்டுவிடாதேயும்” என்று குரலை உயர்த்தி முடித்து, ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். கட்டிலைச் சுற்றி எங்கள் ஆட்கள் ஒருத்தரும் இல்லை. நர்ஸ் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

“நீங்கதானேம்மா பேஷண்ட் கூட இருக்கறது? அவங்கெல்லாம் உங்களைத்தான் கைகாட்டிட்டுப் போனாங்க” என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் கூட ஓர் ஆள் இல்லாமல் எதுவும் ஓடாது. ரத்தம் எடுத்தால் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, மருந்து வாங்கிவர, தூக்கி உட்காரவைக்க, டாக்டர் கேட்டால் பதில் சொல்ல ஒருத்தர் வேண்டும். அதுவரை பக்கத்துக் கட்டிலில் தன் தாய்க்குத் துணையாக இருந்த தம்மம்பட்டிக்காரப் பெண் இவளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மறுநாள் காலையில் ஆபரேஷன் என்றார் நர்ஸ். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் விஷம் மேலே ஏறிவிடும், அப்புறம் உயிரைக் காப்பாற்ற முடியாது. இவளுடைய ஆள் என்று ஒருத்தர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும்.

கீழே எங்கள் வேன் ஹாரன் அடித்தது.

“நீங்க போங்க தலைவியம்மா. வண்டி நிக்குது” என்றாள் அவள். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

என் கால் ஏற்கெனவே வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அந்த நேரத்தில் எனக்குள் பக்தி பொங்கியது என்று எழுத ஆசைதான். உண்மையில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனியே விட்டுவிடாதேயும் என்று நான் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டிருந்தது. ஆண்டவரிடம் அப்படிக் கேட்டுவிட்டு நானே படியிறங்கிப் போவது எப்படி? சாயங்காலம் வரைக்கும் இருப்போம், அதற்குள் வேறு யாராவது வருவார்கள் என்று நின்றேன்.

ஆயரின் மனைவிக்குப் போன் போட்டேன். “நீங்க இருங்கக்கா, பொழுதோட உங்களுக்குப் பதிலா யாரையாச்சும் தாட்டி விடறோம்” என்றார். யாரும் வரவில்லை. மகனுக்குப் போன் போட்டேன். அவன் கத்தினான். “ஏம்மா, உங்களுக்கு எதுக்கு இந்தச் சோலி? நீங்களே பல்லியப் பாத்தாக் கூப்பாடு போடறவங்க. நான் வந்து கூட்டிக்கிட்டு வாரேன்.” அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நாளைக்குக் காரோடு வந்தால் போதும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் முதல் தடவையாக இன்னொருத்திக்குப் படுக்கையில் பாத்திரம் வைத்து எடுத்தேன். எடுக்கும்போது சாய்ந்து பாதி கீழே கொட்டிவிட்டது. அவள் கூசிப்போய் அழுதாள். “அழுவாத சாமி, எனக்குத்தான் புடிக்கத் தெரியல” என்று துடைத்தேன். கட்டுப் பிரித்தபோது நர்ஸ் என்னைக் காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கண்ணை மூடினால் கை நழுவிவிடும். மூடாமல் பிடித்தேன். அந்தக் காலில் நான் பார்த்ததை இங்கே எழுதப்போவதில்லை. அதன்பிறகு அவள் என்னைத் தலைவியம்மா என்று கூப்பிடவில்லை, அக்கா என்றாள்.

காலையில் டாக்டர் வந்தார். எல்லாம் தயார் என்றார். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். கால் எடுக்க வேண்டாம் என்றாள். டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு மறுபடியும் வேண்டாம் என்றாள். ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த நோயாளியை ஏற்றிவிடுவோம், இன்னொரு நாள் வரை இந்த உடம்பு தாங்குமா என்பது சந்தேகம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வலிக்குப் பயப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள், ஒன்றும் தெரியாது என்றேன்.

“வலி கெடக்குதுங்கக்கா” என்றாள். “எடுத்த காலை என்னுங்க பண்ணுவாங்க? எரிச்சுப்போடுவாங்கன்னு பக்கத்துக் கட்டில்ல சொன்னாங்க. கடைசி நாள்ல எக்காளம் ஊதிச் செத்தவங்க எல்லாரும் எந்திரிக்கறப்ப நானு என்னத்த ஊனி எந்திரிக்கறது?”

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். நான் சங்கத்தில் வேதபாடம் எடுக்கிறவள். மண்ணிலிருந்து மனுஷனை உண்டாக்கினவருக்கு ஒரு காலை உண்டாக்குவது பெரிய காரியமா? கடலில் போனவர்கள், தீயில் போனவர்கள் எல்லோரும் எழுந்திருக்கப்போகிறவர்கள்தானே? சங்கத்தில் சொல்வதைவிட நன்றாகவே சொன்னேன்.

“நீங்க சொல்றது சரியாத்தானுங்க இருக்கும்” என்றாள். “ஆனா உங்களுக்கு ரெண்டு காலும் இருக்குதுங்களே.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உயிர் போகிற நேரத்தில் இப்படி ஒரு பிடிவாதமா? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது கோபம் நிற்கவில்லை. அது பிடிவாதக்காரியின் முகம் இல்லை, பயந்தவளின் முகம். பயந்தவளின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை நல்ல பதில் சொன்னாலும் அந்தப் பயம் போகாது என்றும் தெரியும்.

“காலைக் கேட்டு வாங்கி நம்ம கல்லறைத் தோட்டத்துலயே பொதைச்சுர்றேன். ஆகுமா?” என்றேன்.

அவள் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். “அந்த வாய்க்கா மூலையில வேண்டாங்கக்கா” என்றாள்.

எங்கள் கல்லறைத் தோட்டம் சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. மேட்டில் இருக்கிற இடமெல்லாம் பழைய குடும்பங்களுக்கு. கூலிவேலைக்குப் போகிறவர்களை வாய்க்கால் ஓரத்து மூலையில் அடக்கம் பண்ணுவார்கள். மழைக்காலத்தில் அங்கே குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறும். இவளுடைய அம்மாவை அடக்கம் பண்ணியபோது பெட்டி மிதந்து, மண்ணைப் போட்டு அழுத்த வேண்டியிருந்ததாம். அதை அவள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் அப்போதும் வெளி கேட்டில் நின்று பாடிக்கொண்டிருந்திருப்பேன்.

கல்லறைத் தோட்டத்தைக் கவனிக்கிற கமிட்டிக்காரருக்குப் போன் போட்டேன்.

“காலை மட்டும் பொதைக்கறதுங்களா? அப்பிடி ஒரு வழக்கம் நம்ம சபையில இல்லீங்களே” என்றார்.

“இனிமே இருந்துட்டுப் போகட்டுமுங்க.”

“எடம் எங்கீங்க இருக்குது? மேட்டுல இருக்கறதெல்லாம் குடும்பக்காரங்க ஒதுக்கி வெச்சதுங்க. வேணுமின்னா வாய்க்கா மூலையில ஒரு ஓரமாப் போட்டுக்குங்க.”

“அது ஆகாதுங்க.”

“அப்பறம் யாரு எடத்துலீங்க போடறது?”

என் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணியபோது பக்கத்தில் எனக்கும் இடம் விட்டு, இரண்டையும் சேர்த்துச் சுற்றிலும் சிமெண்டுத் திட்டு கட்டினார்கள். கல்லில் அவர் பெயருக்குக் கீழே என் பெயருக்கென்று இடம் விட்டிருக்கிறது. ஈஸ்டர் விடியலில் மெழுகுவத்தி ஏற்றப் போகும்போது அந்தப் பக்கம் மட்டும் நான் பார்ப்பதே கிடையாது. ஆனாலும் சாவை நினைத்துத் தூக்கம் வராத நேரங்களில் என்னைத் தேற்றியதும் அந்த இடம்தான். தனியாகப் படுக்கப்போவதில்லை, அவர் பக்கத்தில்தானே என்று நினைத்துக்கொள்வேன். எனக்கிருந்த தைரியம் அவ்வளவுதான்.

“என்ற எடத்துல, அவரு பக்கத்துல போடுங்க” என்றேன்.

நன்றாக யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, உங்கள் இஷ்டம் என்றார்.

அவள் கைநாட்டு வைத்தாள். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். நோயாளிக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அக்கா என்றேன். தியேட்டர் கதவு மூடியதும் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. செத்துப்போனால் நான்தான் கையெழுத்துப் போட்டவள் என்று ஊர் பேசும். ஊர் கிடக்கட்டும், அவளைச் சம்மதிக்க வைத்தது நான். ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வரவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்று அதையே சொல்லிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன்.

உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன கொஞ்ச நேரத்தில் ஒரு பணியாளர் வந்து, “கால் கேஸ் ஆளு யாரும்மா?” என்று கூப்பிட்டார். முன்னாலேயே நான் கேட்டு எழுதிக் கொடுத்திருந்ததால் சுற்றிக் கட்டி, பையில் போட்டுக் கொடுத்தார். இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரி இருந்தது அந்தக் கனம். நான் விழுந்துவிடாமல் இருக்கச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

“நீங்க போயிட்டு வாங்கம்மா, அவங்களை நான் பாத்துக்கறேன்” என்றாள் தம்மம்பட்டிப் பெண். “எங்கம்மாவுக்கும் நேத்து நீங்க வெந்நி புடிச்சிக் குடுத்தீங்க இல்ல.”

மகன் காரில் வந்திருந்தான். டிக்கியில் வைக்கச் சொன்னான். எனக்கு மனசு வரவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன். ராசிபுரம் தாண்டும் வரை அவன் என் மடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். பிறகு, “பயமா இல்லியாம்மா?” என்று கேட்டான். இருக்கிறது என்றேன். பள்ளத்தில் கார் குலுங்கும்போதெல்லாம் என்னையறியாமல் அதை இறுக்கிப் பிடித்தேன். பிடித்த பிறகு, பிடித்திருப்பது என்ன என்று நினைவு வந்து கையைத் தளர்த்தினேன்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. குழி வெட்டுகிறவர் சிமெண்டுத் திட்டுக்குள் இறங்கி நின்றுகொண்டு, எந்தப் பக்கம் வெட்டுவது என்று கேட்டார். கிழக்கே முகம் பார்த்து எழுந்திருக்கும்படி எங்களில் காலைக் கிழக்கே நீட்டித்தான் வைப்பார்கள்.

“கெழக்குப் பக்கம் வெட்டுங்க. கால் இருக்கற எடத்துல கால் இருக்கட்டும்” என்றேன்.

அவர் வெட்ட வெட்ட நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லை, காலை வைத்திருந்தவள் நான். இத்தனை வருடம் பார்க்காமல் தப்பித்த இடம் என் கண் முன்னால் திறந்தது. செம்மண், கீழே சரளை, ஓரத்தில் என் வீட்டுக்காரர் பக்கத்து மண். என் கால் வந்து கிடக்கவேண்டிய இடம் அது என்ற நினைப்பு வந்தது. ஓடிவிடலாம் போலிருந்தது. ஒரு காலுக்கு எந்த ஜெபத்தை வாசிப்பது என்று தெரியாமல், அங்கே வந்திருந்த ஆயர் ஜெப ஏட்டைப் புரட்டிவிட்டு மூடி வைத்தார். “குடுங்கம்மா” என்று மகன் கை நீட்டினான். கொடுக்கவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து நானே இறக்கி வைத்தேன். முகத்தில் குளிர்ச்சியாக மண்வாடை அடித்தது. மகன் என்னைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் சேலம் போனேன். சங்கத்தில் ஒருத்தர் வருவதாகச் சொன்னார், நானே போய்க்கொள்கிறேன் என்றேன். அவள் விழித்துக்கொண்டுதான் கிடந்தாள். உதடு காய்ந்திருந்தது. பஞ்சை நனைத்துத் தடவினேன்.

“வெச்சுட்டீங்களாக்கா?”

“வெச்சாச்சு சாமி. கெழக்க பாத்து வெச்சிருக்குது.”

“மூலையிலீங்களா?”

“இல்ல. என்ற ஊட்டுக்காரர் பக்கத்துல. மேட்டு எடம். தண்ணி நிக்காது.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து, மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப நானு சாவறப்ப என்னையும் அங்கதானுங்களே கொண்டாந்து வெக்கோணும்? காலு ஒரு பக்கம், ஒடம்பு ஒரு பக்கம்னு கெடந்தா எந்திரிச்சு எங்கீங்க போய்த் தேடறது?”

இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. என் கணக்கில் அது ஒரு கால், ஓரமாக ஒரு சின்னக் குழி. நான் போகும்போது அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் ஒதுங்கிப் படுத்துக்கொண்டால் ஆயிற்று. இப்போதுதான் உறைத்தது. அந்தத் திட்டுக்குள் இன்னும் ஓர் ஆளுக்குத்தான் இடம் இருக்கிறது.

என் முகம் மாறியதை அவள் பார்த்துவிட்டாள். “ஆகாதுன்னாச் சொல்லீருங்கக்கா. நானு கேட்டது தப்புங்க.”

பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். கமிட்டியிலும் சங்கத்திலும் அந்த ஒரு வார்த்தையை வைத்தே நாங்கள் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவளோ கண்ணைக்கூட இமைக்காமல் காத்துக்கொண்டிருந்தாள். விழுங்கிக்கொண்டேன்.

“உன்னையும் அங்கதான் வெப்பாங்க. பையன்கிட்டயும் கமிட்டியிலயும் நான் சொல்லி வெக்கறேன்” என்றேன்.

“அப்ப நீங்க?”

“வாய்க்கா மூலை சும்மாதானே கெடக்குது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். சொல்லி முடித்ததும் தண்ணீர் ஊறுகிற குழி கண் முன்னால் வந்தது. பக்கத்தில் அவர் இல்லை, தெரிந்த ஒருத்தரும் இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“பயமா இருக்குதுங்களாக்கா?”

“ஆமா சாமி. நெம்பப் பயமா இருக்குது.”

அவள் மிச்சமிருந்த ஒரு காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பைச் சுவர்ப்பக்கம் நகர்த்தி, கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.